கிதாரும் கடமும்: ‘சக்தி’ இசைக்குழுவின் வரலாறு



இவ்வாண்டு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தருமாறு நம் செயலாளர் அவர்கள் பணித்தபோது நான் பெரிதும் தயங்கினேன். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ரயில்வே அலுவலகத்தில் பேரேடுகளோடும் படிவங்களோடும் காலங்கழிப்பவன். வரலாறு எழுத எனக்கு என்ன தகுதி உண்டு? ஆயினும், சென்ற ஆண்டு விழாவை ஒட்டி நம்மிடையே நேர்ந்த ஒரு சிறு பிணக்கு என் உள்ளத்தை விட்டு அகலவில்லை. அதன் பொருட்டே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

நம் காலனிச் சிறுமி ஒருத்தி தமிழ்ப் பாட்டொன்று பாடுவதாகவும், நம் பையன் ஒருவன் அதற்குக் கிதார் வாசிப்பதாகவும், அவர்களுடைய பள்ளித் தோழனான மலையாளப் பையன் செண்டை கொட்டுவதாகவும் ஏற்பாடு செய்துகொண்டு ஒத்திகைக்கு வந்தார்கள். ‘தமிழ்ச் சங்க மேடையில் இந்தக் கலவை எதற்கு?’ என்று சிலர் மறுத்தோம். மறுத்தவருள் நானே முதல்வன். முடிவில் அச்சிறுமி சுருதிப் பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு தனியே பாடினாள். நன்றாகவே பாடினாள். ஆனால் அப்பையன்கள் இருவரும் விழாவுக்கு வரவில்லை.

சில திங்கள் கழித்து, இரவுப் பணியின் இடைவேளையில், என்னோடு பணிபுரியும் மலையாள நண்பர் தம் கைப்பேசியில் ஓர் இசைப்பதிவை ஒலிக்கவிட்டார். வேகமாக ஓடும் கிதார், அதனோடு இழைந்து வரும் வயலின், உடன் தபேலா, இவற்றின் நடுவே எனக்கு நன்கு பழகிய வேறோர் ஒலி. “இது என்ன வாத்தியம், தெரிகிறதா?” என்று வினவினார். தெரியாமல் என்ன? அது கடம். கோயில் விழாக்களிலும் திருமணக் கச்சேரிகளிலும் நாம் கேட்டு வளர்ந்த மண்பானையின் நாதம். அது 1975ஆம் ஆண்டு அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் ஒலித்த கடம் என்று அவர் சொன்னபோது வியப்புற்றேன். அன்று தொடங்கி அக்குழுவின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படித்தறிந்ததை உங்கள் முன் வைக்கிறேன்.

மேலை நாட்டில் மேதையர் கூட்டு

1960களின் பிற்பகுதியில் இங்கிலாந்து நாட்டு இளைஞர்களின் இசையில் ஒரு மாறுதல் தோன்றியது. மூன்று நிமிடங்களில் முடிந்துவிடும் ஆட்டப் பாட்டுகளால் நிறைவடையாத கலைஞர் சிலர், நீண்ட இசையமைப்புகளையும், கடினமான தாளக்கட்டுகளையும், பிற மரபுகளின் இசையையும் தம் ராக் இசைக்குள் கொண்டுவந்தனர். இதனை ‘முற்போக்கு ராக்’ என்று வழங்கினர்.

இக்காலத்திலேயே மற்றொரு வழக்கமும் வேரூன்றியது. வெவ்வேறு குழுக்களில் முன்னரே பெயரும் பயிற்சியும் பெற்ற கலைஞர்கள், தத்தம் குழுக்களை விட்டு வெளிவந்து, ஒத்த தரத்தினரோடு புதுக் குழு அமைத்தனர். இதற்கு ‘சூப்பர் குரூப்’ என்று பெயர். மேதையர் கூட்டு என்று நாம் சொல்லலாம். எரிக் கிளாப்டன், ஜாக் புரூஸ், ஜிஞ்சர் பேக்கர் ஆகிய மூவரும் 1966இல் அமைத்த ‘கிரீம்’ என்னும் குழுவை இவ்வகையில் முதலாவதாகப் பலர் சொல்வர். கிங் கிரிம்சன், யெஸ் முதலிய முற்போக்கு ராக் குழுக்களில் வாசித்துத் தேர்ந்தவர்கள் 1981இல் கூடி ‘ஏஷியா’ என்ற குழுவை அமைத்தனர். இத்தகைய கூட்டுகளுள் பல நெடுநாள் நிலைக்கவில்லை. கிரீம் இரண்டே ஆண்டுகளில், 1968இல் கலைந்துவிட்டது. பெரியவர் பலர் ஓரிடத்தில் கூடினால் யார் முன்நிற்பது என்னும் வினாவும் உடன் வந்து நிற்கும் அன்றோ!

இந்த வழக்கம் நம் நாட்டு இசையோடு வந்து கலந்த கதைதான் ‘சக்தி’யின் கதை.

யார்க்‌ஷயரிலிருந்து வீணைக்கு

ஜான் மெக்லாக்லின் 1942ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் டான்காஸ்டர் நகரில் பிறந்தவர். இளமையில், மேற்சொன்ன ஜாக் புரூஸ், ஜிஞ்சர் பேக்கர் ஆகியோருடன் ஒரே குழுவில் கிதார் வாசித்திருக்கிறார். 1969இல் அமெரிக்கா சென்று, ஜாஸ் இசையின் பேராசானாகிய மைல்ஸ் டேவிஸின் இசைத்தட்டுகளில் வாசித்துப் புகழ் பெற்றார். வங்காளத்தைச் சேர்ந்த ஆன்மிக ஆசான் ஸ்ரீ சின்மோயைக் குருவாக ஏற்று, அவரிடம் ‘மகாவிஷ்ணு’ என்ற பெயரையும் பெற்றார். 1971இல் அப்பெயராலேயே ‘மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா’ என்ற குழுவைத் தொடங்கினார். ஐந்து கலைஞர்களைக் கொண்ட அக்குழு ஜாஸையும் ராக்கையும் இணைத்து, மின்சாரக் கருவிகளைக் கொண்டு காதைத் துளைக்கும் முழக்கத்துடன் வாசித்தது. இளைஞர் கூட்டம் அதனைக் கொண்டாடியது.

புகழின் உச்சியில் இருந்த இம்மனிதர் செய்த அடுத்த செயலே என்னைச் சிந்திக்க வைத்தது. கனெக்டிகட் மாநிலத்து மிடில்டவுன் நகரில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, அங்கே கற்பித்துவந்த நம் இசையறிஞர் டாக்டர் எஸ். இராமநாதனிடம் மாணவராக அமர்ந்து வீணை பயின்றார். உலகமெங்கும் கைதட்டல் பெற்ற ஒருவர், மற்றொரு மரபின் முன் பால பாடத்திலிருந்து தொடங்கினார்.

நால்வரும் நான்கு வீடுகளும்

அதே பல்கலைக்கழகத்தில் எல். சங்கர் என்னும் இளம் வயலின் வித்துவான் ஆராய்ச்சி மாணவராக இருந்தார். அவர் 1950இல் சென்னையில் பிறந்தவர். தந்தையார் வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்து வந்தமையால், குழந்தைப் பருவம் யாழ்ப்பாணத்தில் கழிந்தது. 1958ஆம் ஆண்டு இலங்கையில் தமிழருக்கு எதிராக வெடித்த கலவரத்தின் விளைவாக அக்குடும்பம் இலங்கையை விட்டுச் சென்னைக்குத் திரும்ப நேர்ந்தது. அப்போது சங்கருக்கு எட்டு வயது. அண்ணன்மார் எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம் ஆகியோரும் வயலின் வித்துவான்களே. வீடும் ஊரும் கைவிட்டுப்போன பின்னும் அக்குடும்பத்தின் கையில் மிஞ்சியது இசை. பிழைப்புக்காக ஊர் பெயர்ந்த நமக்கு இதனை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாமவர் கடம் வித்துவான் தி. ஹ. விநாயகராம், ‘விக்கு’ என்று அன்பர்கள் அழைப்பர். 1942இல் சென்னையில் பிறந்தவர். தந்தையார் ஹரிஹர சர்மா, 1958இல் சென்னையில் ஸ்ரீ ஜெய கணேஷ் தாளவாத்திய வித்யாலயா என்னும் பள்ளியை நிறுவிய தாள ஆசான். எம். எஸ். சுப்புலட்சுமி போன்றோருக்குப் பக்கவாத்தியம் வாசித்த பழக்கம் விநாயகராமுக்கு உண்டு. நம் கச்சேரி மரபில் கடத்தின் இடம் யாதென நீங்கள் அறிவீர்கள். மிருதங்கம் பக்கவாத்தியம், கடம் அதற்கும் அடுத்த உபபக்கவாத்தியம். தனியாவர்த்தனத்தில் மிருதங்கம் விட்டுக்கொடுக்கும்போதுதான் அதன் குரல் தனித்துக் கேட்கும்.

நான்காமவர் தபேலா மேதை ஜாகிர் உசேன். 1951இல் பம்பாயில் பிறந்தவர். பண்டிட் ரவிசங்கருக்குத் தபேலா வாசித்து அதனை உலகறியச் செய்த உஸ்தாத் அல்லா ரக்கா இவருடைய தந்தை. இவர்களோடு தொடக்கத்தில் ராம்நாட் ராகவனும் மிருதங்கம் வாசித்தார். இவர் பாடகர் ராம்நாட் கிருஷ்ணனின் தம்பி. வெஸ்லியனில் கற்பித்து வந்தவர்.

குழு கூடியபோது இவர்கள் வயதில் முதியவர் அல்லர். மெக்லாக்லினுக்கு 33 வயது; ஜாகிருக்கு 24. ஆயினும், நம்மவர் அனைவரும் தவழும் பருவம் முதலே தந்தையின் மடியில் தாளமும் சுரமும் கற்றவர்கள். ஆண்டுகளால் இளையவர், பயிற்சியால் மூத்தவர்.

கிதார் கமகம் கற்ற விதம்

இந்தக் கூட்டுக்கு முதல் தடையாக நின்றது கிதார்தான். நம் இசைக்கு உயிர் கமகம். ஒரு சுரத்தில் நேராக நிற்காமல், அசைந்தும் வழுக்கியும் அடுத்த சுரத்தைத் தொட்டும் வரவேண்டும். வீணையில் மெழுகின்மேல் பதித்த மெட்டுகள் உயர்ந்து நிற்பதால், கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து இவ்வசைவுகளை எழுப்ப முடிகிறது. கிதாரிலோ மெட்டுகள் தாழ்ந்து பலகையை ஒட்டியிருக்கும். விரல் பலகையில் முட்டி நிற்கும்.

மெக்லாக்லின் இதற்கு ஒரு வழி கண்டார். கிப்சன் நிறுவனத்தின் வாயிலாக ஒரு தனிக் கிதார் செய்வித்தார். மெட்டுகளுக்கு இடையே உள்ள மரத்தைக் குழிவாகக் குடைந்தெடுத்து, விரல் கம்பியை ஆழ அழுத்தி இழுக்க இடம் செய்தனர். வழக்கமான ஆறு கம்பிகளின் கீழே, குறுக்காக ஏழு அனுதாபக் கம்பிகளும் பூட்டப்பட்டன. இவற்றை மீட்ட வேண்டியதில்லை. மேலே வாசிக்கும் சுரத்துக்கு இசைந்து, சிதாரில் உள்ளவை போலத் தாமே அதிர்ந்து ரீங்காரமிடும். கர்நாடக இசையோடு சேர வந்தவர், அவ்விசையைத் தம் கருவிக்குத் தக்கபடி வளைக்கவில்லை. தம் கருவியை அவ்விசைக்குத் தக்கபடி குடைந்துகொண்டார்.

தாளத்திலும் அப்படியே. நம்மவர் திஸ்ரம், சதுஸ்ரம், கண்டம், மிஸ்ரம், சங்கீர்ணம் என 3, 4, 5, 7, 9 என்னும் எண்ணிக்கைகளைப் பிரித்தும் கூட்டியும் கோர்வை அமைக்கும் கணக்கை அவர் பயின்றார். பின்னாளில், 2007இல், கொன்னக்கோலை மேலை நாட்டு மாணவருக்குக் கற்பிக்கும் படப்பதிவு ஒன்றையும் விநாயகராமின் மகன் செல்வகணேஷுடன் சேர்ந்து வெளியிட்டார்.

முழக்கமும் மௌனமும்

1975ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள், நியூயார்க் மாநிலத்தில் சவுத்தாம்ப்டன் கல்லூரியில் இக்குழு வாசித்தது. அதன் பதிவே ‘சக்தி’ என்ற முதல் இசைத்தட்டாக 1976இல் வெளிவந்தது. மூன்றே உருப்படிகள், ஒன்று ஏறத்தாழ அரைமணி நேரம் நீள்வது. மேடையில் கலைஞர்கள் நம் மரபுப்படி தரையில் சம்மணமிட்டு அமர்ந்தனர். மகாவிஷ்ணு குழுவின் மின்சார முழக்கம் அங்கே இல்லை. அன்றைய அவையில் கடம் உபபக்கவாத்தியமாக ஒதுங்கி இருக்கவில்லை. கிதாரும் வயலினும் எறிந்த கணக்குகளைத் தபேலாவோடு சேர்ந்து பிடித்துத் திருப்பி அனுப்பியது. மானாமதுரைச் சூளையில் சுட்ட கடங்களை அறிந்த நமக்கு, அம்மண்ணின் குரலை அமெரிக்க மாணவர்கள் ஆரவாரித்து வரவேற்பதைக் கேட்பது பெருமிதம் தருவதே. (மானாமதுரை மட்பாண்டங்களுக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.)

அடுத்த இரண்டு இசைத்தட்டுகள் 1976, 1977 ஆகிய ஆண்டுகளில் பதிவாயின. அவற்றில் ராகவன் இல்லை, நால்வர் மட்டுமே. ஆயினும் விற்பனை முந்தைய குழுவின் அளவுக்கு எட்டவில்லை. ராக் இசையின் முழக்கத்தை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு இது அமைதியாகப் பட்டது. 1978இல் குழு கலைந்தது. மூன்று ஆண்டுகள், மூன்று இசைத்தட்டுகள். கணக்கை அத்தோடு மூடியிருந்தால் இது தோல்வியின் வரலாறு என்றே எழுதியிருப்பேன்.

ஆனால் பிரிந்த நால்வரும் வாளாவிருக்கவில்லை. சங்கர், இரண்டு கழுத்துகளும் பத்துக் கம்பிகளும் கொண்ட இரட்டை வயலினை 1980இல் உருவாக்கினார். விநாயகராமும் ஜாகிரும் பங்கேற்ற ‘பிளானெட் டிரம்’ என்ற தாள இசைத்தொகுப்பு, உலக இசைக்கென முதன்முறையாக அளிக்கப்பட்ட கிராமி விருதை 1992இல் பெற்றது. ஜாகிர், கதகளிக் கலைஞனின் வாழ்வைச் சொல்லும் ‘வானப்பிரஸ்தம்’ என்ற மலையாளப் படத்துக்கு 1999இல் இசையமைத்தார். கேரளத்தில் வாழும் நாம் அதனை மறத்தற்கில்லை.

மீண்டும் கூடியவர்

1997இல் மெக்லாக்லினும் ஜாகிரும் விநாயகராமும், புல்லாங்குழல் மேதை ஹரிபிரசாத் சௌரசியாவோடு சேர்ந்து, ‘ரிமெம்பர் சக்தி’ என்ற பெயரில் மீண்டும் மேடையேறினர். பின்னர், கடம் வாசித்த தந்தையின் இடத்தில் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு வந்து அமர்ந்தார். வயலினின் இடத்துக்கு மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் வந்தார். ஆந்திரத்துப் பாலகொல்லுவில் 1969இல் பிறந்து, சிறுவனாகவே சென்னை சபைகளை வென்றவர் இவர். மேலை நாட்டுக் கருவியாகிய மாண்டலினில் முழுக் கர்நாடகக் கச்சேரி செய்ய இயலும் என்று அவர் காட்டியபோது, நம் சபைகள் அதனைத் தம்முடையதாகவே ஏற்றுக்கொண்டன. வயலினும் அவ்வாறு கடல் கடந்து வந்ததுதானே! பாடகராகச் சங்கர் மகாதேவன் சேர்ந்தார். அவர் பம்பாயில் பிறந்து வளர்ந்தவர். குடும்பம் நம் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம்.

2014ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள் ஸ்ரீநிவாஸ் 45 வயதிலேயே மறைந்தார். குழுவும் அடங்கிப்போயிற்று. 2020இல் மூன்றாம் முறையாகக் கூடியபோது, கணேஷ், குமரேஷ் சகோதரர்களுள் மூத்தவரான கணேஷ் ராஜகோபாலன் வயலினோடு வந்தார். பெருந்தொற்றுக் காலமாதலால் அவரவர் தத்தம் ஊரில் இருந்தபடியே வாசித்துப் பதிவு செய்து ஒன்றிணைத்த ‘திஸ் மொமென்ட்’ என்ற தொகுப்பு 2023இல் வெளிவந்தது. அதன் முதல் உருப்படி மறைந்த ஸ்ரீநிவாஸின் நினைவைத் தாங்கியது. அதே ஆண்டு ஐம்பதாம் ஆண்டு நிறைவுப் பயணத்தை நம் நாட்டிலிருந்தே தொடங்கினர். 2024 பிப்ரவரி 4ஆம் நாள் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் அத்தொகுப்புக்குக் கிராமி விருது வழங்கப்பட்டது. 1978இல் கலைந்த குழு 46 ஆண்டுகள் கழித்து அப்பரிசைப் பெற்றது. அதே ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள், தொடக்கம் முதல் உடனிருந்த ஜாகிர் உசேன், சான்பிரான்சிஸ்கோவில் தம் 73ஆம் வயதில் காலமானார்.

நமக்குரிய பாடம்

கலப்பிசை யாவும் நன்று என்று நான் வாதிட வரவில்லை. அரைகுறையாகக் கற்ற இருவர் சேர்ந்தால் இரண்டு மரபுகளும் கெடும். பெரியோர்கள் சென்ற ஆண்டு கொண்ட அச்சம் பொருளற்றது அன்று. சக்தியின் வரலாறே அதற்குச் சான்று கூறுகிறது. அங்கே கூடியவர் எவரும் தம் வீட்டுக் கலையில் குறையுடையவராய் இருந்திலர். விநாயகராம் தம் சொற்கட்டுகளை அமெரிக்கருக்காக எளிதாக்கவில்லை. சங்கர் தம் கமகத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அதே வேளையில், உடனிருப்பவரின் கணக்கை ஒவ்வொருவரும் செவி கொடுத்துக் கற்றனர். எங்கள் ரயில்வே சந்திப்பு நிலையங்களிலும் அப்படித்தான்: நான்கு திசை வண்டிகளும் ஒரே நடைமேடையில் வந்து நிற்கும், ஒன்றின் பாதையை மற்றொன்று அழிப்பதில்லை, ஆனால் நேர அட்டவணை எல்லோருக்கும் பொது.

நாம் வாழும் இடத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கும்பளங்கிக் காயலைக் கடந்து சிறிது வடக்கே சென்றால் மட்டாஞ்சேரி. கொங்கணியும் குஜராத்தியும் உருதுவும் தமிழும் மலையாளத்தோடு கூடி வாழ்ந்த தெருக்கள் அவை. கொச்சிக் கோட்டைச் சலவைக் களத்தில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழ்க் குடும்பங்கள் இன்றும் தமிழ் பேசுகின்றன. பாடகர் மெகபூபையும், 2018இல் மறைந்த கஜல் பாடகர் உம்பாயியையும் ஈன்ற அம்மட்டாஞ்சேரி, வடநாட்டு இசையை மலையாள மண்ணில் வளர்த்தது. இத்தகைய ஊரில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளின் காதில் கிதாரும் செண்டையும் விழாமல் இருக்குமா? விழுந்தவை வெளிப்படும்போது மேடை மறுத்தால், அவர்கள் கிதாரை விடுவதில்லை, சங்கத்தைத்தான் விட்டுவிடுவார்கள். சென்ற ஆண்டு நான் கண்டது அதுவே.

ஆதலின் பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். அப்பிள்ளைகள் மூவரையும் இவ்வாண்டு மீண்டும் அழைப்போம். அழைக்கும்போது மூன்று நிபந்தனைகளும் விதிப்போம். கிதார் வாசிக்கும் பையன், சிறுமி பாடும் பாட்டின் ராகத்தையும் தாளத்தையும் கையால் போட்டுக் காட்டும் அளவுக்குக் கற்று வரவேண்டும். செண்டை கொட்டும் தோழன் தன் மரபை விட்டுவிடாமல் கொட்ட வேண்டும். ஆனால் பாட்டை மூழ்கடிக்கலாகாது. சிறுமி தமிழ்ச் சொற்களைத் திருத்தமாக உச்சரித்துப் பாட வேண்டும். அதனை அவள் முன்னரே செய்து காட்டிவிட்டாள். நமக்கும் ஒரு நிபந்தனை உண்டு: முழுவதும் கேட்ட பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு நான் ஒத்திகையைப் பாதி கூடக் கேளாமல் மறுத்தேன் என்பதை இவ்விடத்தில் ஒப்புக்கொள்கிறேன். அப்பையனின் வீட்டுக்குச் சென்று நேரிலும் சொல்லிவிட்டேன். “சரி மாமா, யோசிக்கிறேன்” என்றான். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான் என்று நம்புகிறேன்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!